ஒன்று முதல் ஆறு வரை

"அக்கா, சத்தியமா சொல்லு. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நீ மூஞ்சிக்கு ஒண்ணுமே பூசறதில்லையா?"

பக்கத்துக் கடை ஓக்ஜா கேட்டதும் மால்சுன் சிப்பி உடைப்பதை நிறுத்தினாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் அவளுக்குத் தனி உற்சாகம்.

"பூசறதா? மூஞ்சி கழுவவே நேரமில்லடி. ஏழு மணிக்குத் தலையணையில தலை சாஞ்சா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலத்துக்கு எழுந்திரிக்கிற வரைக்கும் வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது. எல்லாம் எங்க அம்மா வம்சம். அம்பது தாண்டினாத்தான் எங்க தோலுக்கு மினுக்கு வரும்."

தென்கொரியாவின் கடலோர ஊரான தொங்யோங்கில் மீன் சந்தைப் பெண்களுக்கு உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் ஒரே மாதிரி முகத்தைத்தான் கொடுக்கும். சிவந்து, காய்ந்து, வெடித்துப் போயிருக்கும். ஐம்பத்திரண்டு வயது மால்சுன் மட்டும் ஒன்றரை வருடமாக நிலா மாதிரி உட்கார்ந்திருந்தாள். அன்று காலை சியோலிலிருந்து வந்த ஒரு பெண் சிப்பி வாங்குவதை மறந்து, கையுறையைக் கழற்றி, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டே விட்டாள். தொட்டதும், "அம்மாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓக்ஜா பெருமூச்சு விட்டாள். "உனக்குக் கடவுள் குடுத்தது. நாங்க சம்பாதிக்கிறதெல்லாம் கிரீம் டப்பாவுக்கே போகுது. நேத்துகூட டவுன்ல அந்தக் கடைக்குப் போனேன். அங்க..."

சட்டென்று நிறுத்திக்கொண்டு கணவாய் மீன்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஓக்ஜா, என் கையில கத்தி இருக்கு."

"கோவிச்சுக்காத. உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். விக்கிற பொண்ணுகிட்ட முக்கா மணி நேரம் நின்னாரு. புதுசா வந்ததை எதுக்கு மேல பூசணும், நடுவுல எத்தனை நிமிஷம் விடணும்னு ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாரு. பூசிக்கிறவங்களுக்கு என்ன வயசுன்னு அந்தப் பொண்ணு கேட்டா. 'பார்த்தா முப்பத்தஞ்சுக்கு மேல சொல்ல மாட்டீங்க'ன்னு சிரிச்சாருக்கா. அப்படி ஒரு சிரிப்பை அவர் மூஞ்சில நான் பார்த்ததே இல்ல."

மால்சுனும் பார்த்ததில்லை. அவள் கணவர் மான்சிக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். நெருப்பிலேயே வெந்து கருவாடாகிப்போன அந்த முகத்துக்கு சோப்பே ஆடம்பரம். அப்படியானால் கிரீம் யாருக்கு? மால்சுன் அன்று இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் வீட்டில் வைத்திருக்கும் பழைய கருவிப் பையைத் துழாவினாள். வெல்டிங் கையுறைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் ஆறு சின்னப் பாட்டில்கள். ஒன்று புதுசு, மற்ற ஐந்தும் பாதி காலி. இரும்புத் தகடுகளை எந்த வரிசையில் ஒட்ட வேண்டும் என்று பெயின்ட் பேனாவால் எண் போடுவாரே, அதே கையெழுத்தில் ஒவ்வொரு மூடியிலும் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். கூடவே ஒரு சீட்டு: 'தேய்க்கக் கூடாது, தட்டணும். மூணுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் பொறுக்கணும். கண்ணோரத்துக்கு மோதிர விரல் மட்டும்.'

கதவைச் சாத்தினால் அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், அப்படி ஒரு முரட்டுக் கை. அவரா இது? கோபத்துக்கு முன்னால் அவளுக்குப் பிரமிப்புதான் வந்தது. இருபத்தாறு வருடமாகத் தன்னால் முடியாததை எவளோ ஒருத்தி செய்து காட்டியிருக்கிறாள்.

தான் கட்டையாகத் தூங்குவது ஊருக்கே தெரியும். அவர் கிளம்பிப் போக வேறென்ன வசதி வேண்டும்? இன்று தூங்கப் போவதில்லை. வாசற்படி தாண்டட்டும், கதவுப் பூட்டின் ரகசிய எண்ணை அந்த நிமிஷமே மாற்றிவிட வேண்டியது. அதோடு முடிந்தது இந்தக் குடித்தனம்.

சாப்பிடும்போது நாசூக்காகக் கேட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்கு வெளியில போற வேலை எதுவும் இருக்கா?"

"இல்ல."

"ராத்திரி?"

"ராத்திரி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மான்சிக் கிம்ச்சி சூப்பில் மூழ்கிவிட்டார். பொய்கூட எவ்வளவு சுளுவாக வருகிறது என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ஏழு மணிக்கு மெத்தையை விரித்துப் படுத்தாள். கண்ணை மூடி, கொஞ்சம் குறட்டையும் விட்டு வைத்தாள். நேரம் நகரவே இல்லை. எட்டு மணி வாக்கில் கருவிப் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. குளியலறையில் தண்ணீர் விழுந்தது. ஓஹோ, முகம் கழுவிச் சிங்காரித்துக்கொண்டுதான் போவாராக்கும்!

காலடிகள் கூடத்துக்கு வந்தன. வாசல் பக்கம் கொஞ்சம் நின்றன. பிறகு விளக்கு அணைந்தது. போர்வைக்குள் மால்சுன் முஷ்டியை இறுக்கினாள். இப்போது கதவு திறக்கும்.

அதற்குப் பதில், பக்கத்தில் யாரோ மண்டியிடும்போது முழங்கால் சொடக்கிடுவது கேட்டது. வெதுவெதுப்பான துண்டு ஒன்று அவள் நெற்றியிலிருந்து கன்னம் வரை மெல்ல இறங்கியது. பிறகு ஈரப் பஞ்சு. "ஒண்ணு..." என்று மூச்சுக்குள்ளேயே எண்ணியபடி, காய்த்துப்போன வெல்டர் விரல்கள் அவள் முகத்தைப் பூவைத் தொடுவதுபோல் தட்ட ஆரம்பித்தன.

"அடடா, தண்ணி கூடிப்போச்சு போலிருக்கே" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, தூங்குகிற மனைவியின் கண்ணோரத்தை ஒற்றி எடுத்தார் மான்சிக்.