மிரட்டல் பத்தாது

"இதெல்லாம் ஒரு மிரட்டலா கேப்டன்? இன்னும் நாலு குண்டு போடச் சொல்லுங்க" என்று அலுத்துக்கொண்டார் மேயர் தோன் பல்தசார். ஸ்பெயின் ஆண்ட எஸ்பானியோலாத் தீவின் வடகரையில், அவருடைய குட்டித் துறைமுகத்துக்கு எதிரே இங்கிலீஷ் கொடியோடு வந்த கப்பல், ஒரே ஒரு குண்டைக் கடலில் போட்டுவிட்டுச் சும்மா நின்றது.

படகில் வந்திறங்கிய கேப்டன் திருதிருவென்று விழித்தார். ஆள் தொழிலுக்குப் புதுசு போலிருக்கிறது என்று மேயர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்பெயினிலிருந்து சொந்த அரசாங்கக் கப்பல் இந்தத் துறைமுகத்தை எட்டிப் பார்த்து இரண்டு வருஷம். ஊரில் உடுத்தத் துணியில்லை. எண்ணூறு மாட்டுத்தோல் கிடங்கில் புழுத்துக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷ்காரன் மாதிரி எதிரி நாட்டானுக்கு விற்றாலோ தூக்குக் கயிறு. அதனால் ஜோராக விற்றுவிட்டு, கொள்ளைக்காரன் பீரங்கியைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டான் என்று ஒப்பாரி வைப்பதுதான் ஊர் வழக்கம்.

மேயர் பொறுமையாகப் பாடம் எடுத்தார். கரையோரக் குடிசையைக் கொளுத்த வேண்டும். கொளுத்துவதற்கென்றே வருஷா வருஷம் ஒன்று கட்டி வைக்கிறார்கள். கடைசியில் மேயரைத் தூணில் கட்டிப்போட வேண்டும்.

"கயித்தை மட்டும் இறுக்கிடாதீங்க. போன தடவை வந்தவன் என் மணிக்கட்டையே அறுத்துட்டான்."

அந்நேரம் மாதா கோயில் மணி அடித்தது. கேப்டன் தொப்பியைக் கழற்றி, நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். இதுவரை வந்த இங்கிலீஷ்காரன்களெல்லாம் வேறு சபைக்காரர்கள், மணிச் சத்தம் கேட்டால் கேலியாகச் சிரிப்பவர்கள். வியாபாரத்துக்காக நம் சாமியைக்கூடக் கும்பிடுகிறானே என்று மேயருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இதில் யார் யார் கூட்டு என்று கேப்டன் விசாரித்தார். ஊரே கூட்டுதான், கிடங்கில் பாதிரியார் பங்கு மட்டும் நூறு தோல் இருக்கிறது என்று மேயர் பெருமையாகச் சொன்னார்.

"வெளியே தெரிஞ்சா உங்க கழுத்து போயிடுமே?"

மேயர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "நாளைக்கே ஆளுநருக்கு அழுது ஒரு கடுதாசி போட்டுடுவேன். ஸ்பெயின்ல இருந்து புதுசா வந்திருக்காராம். பழைய ஆள் மாதிரிதான் இருப்பார், எதைச் சொன்னாலும் நம்பிடுவார்."

கேப்டன் கை காட்டியதும் படகிலிருந்து நாலு பேர் கயிற்றோடு வந்தார்கள். மேயர் சமர்த்தாகத் தூணில் சாய்ந்து கைகளை நீட்டினார். அவர்கள் இறுக்கிய இறுக்கில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"யோவ், மெதுவா! கடுதாசி எழுத எனக்குக் கை வேணும்யா."

கேப்டன் அவர் காதருகே குனிந்தார்.

"கடுதாசி எதுக்கு மேயர்? ஆளுநர் நானே நேர்ல கேட்டுட்டேனே."