அப்பாவின் இரண்டு குரல்கள்

நாகர்கோவிலில் போதகர் ஞானசிகாமணி இறந்ததும் சபை இரண்டாகப் பிரிந்தது. இரு சபைகளும் அவர் குரலில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டன.

அவருடைய மகன் கிப்சன், தான் நேசிக்கும் ரூபனோடு ஒரு சபைக்குப் போய், நாங்கள் சேர்ந்து வாழலாமா என்று கேட்டான். "இயேசுவின் அன்புக்கு நீங்கள் விலக்கல்ல, மகனே. சேர்ந்து வாழுங்கள்" என்றது அப்பாவின் குரல். கிப்சன் அழுதுவிட்டான்.

அந்தத் துணிச்சலில், அம்மா ஜெபிக்கும் அடுத்த தெருவிலுள்ள மற்ற சபையிலும் அதையே கேட்டான்.

"மோசேயின் சட்டப்படி உங்களுக்கு மரணமே தண்டனை, மகனே." அதே குரல்தான். 'மகனே' என்பதில் அதே கனிவு.

கிப்சன் பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்தான்.

"உண்மையில அப்பா என்னம்மா சொல்லியிருப்பாவ?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தெரியாது மக்களே. ரூபனப் பத்தி நீ எங்கிட்ட சொன்னத அவியகிட்ட சொல்லப் பயந்து, கடைசிவரைக்கும் நான் கேக்கவே இல்ல."