உயிர்ப்படகும் வெங்காயக் கத்தியும்

யுத்த காலத்தில் எண்ணெய் ஏற்றிப் போன ஒரு கப்பலின் பக்கவாட்டில் உயிர்காக்கும் படகு ஒன்று தொங்கியது. அதன் மிடுக்கைக் கேட்கவே வேண்டாம். சோதனை அதிகாரி வருகிறார் என்றால் போதும், கயிறு, கயிறு ஓடும் கப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுவார்கள். கடலில் இறக்கிப் பார்த்தவர்தான் யாருமில்லை.

சமையல்காரரின் இடுப்புக் கத்தி அந்தப் பக்கம் வந்தாலே படகு முகம் சுளிக்கும். "கிட்ட வராதே! வெங்காய நாத்தம் எம்மேல ஒட்டிக்கும்."

"சரிங்கண்ணே," என்று கத்தி ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு நாள் நடுப்பகலில் எதிரியின் நீர்மூழ்கி விட்ட குண்டு கப்பலின் வயிற்றைக் கிழித்தது. கப்பலில் இருந்த முப்பது பேரும் அவசர அவசரமாகப் படகில் ஏறினார்கள். கப்பியோ அசையவில்லை. பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, கயிறு அதோடு கல்லாய் இறுகிக் கிடந்தது. கப்பல் தாழத் தாழ, தண்ணீர் படகின் அடியைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கப்பல் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

"தம்பி!" என்று அலறியது படகு. "கிட்ட வாப்பா!"

சமையல்காரர் கத்தியை உருவினார். "ஆடாம இருங்கண்ணே," என்றது கத்தி. முன்கயிறு அறுந்தது. பின்கயிறும் அறுந்தது. படகு துள்ளிப் பாய்ந்தது. பின்னால் கப்பல் மூழ்கியது. முப்பது பேரில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

கரையில் மேளம் கொட்டிப் படகுக்கு மாலை போட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் பெயின்ட் டப்பாவோடு வந்து, கத்தி அறுத்த இடத்தில் பிரஷை வைக்கப் போனான்.

"கிட்ட வராதே!" என்று சீறியது படகு. "வெங்காய வாசம் போயிடும்!"