நூராவின் கட்டுரை

கருத்தரங்க அழைப்பிதழைப் பிரித்த அனிட்டாவுக்குப் பகீரென்றது.

முதல் அறிவிப்பில் நூராவின் பெயர் இருந்த இடத்தில் இப்போது தாளாளர் கல்யாணத்தின் பெயர். கட்டுரைத் தலைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் நூரா கடைசி வருஷ மாணவி. வெளிநாட்டுப் பெண். ஓர் ஆறு இரண்டு நாடுகள் வழியாக ஓடிக் கடலில் சேருகிறது. அதில் கீழ்ப்பக்கத்து ஏழை நாடு அவளுடையது. மேல்பக்கத்துப் பணக்கார நாடு ஆற்றை மறித்து அணை கட்டிய பிறகு தன் ஊர் வயல்கள் என்ன ஆயின என்றுதான் எழுதியிருந்தாள். வருஷம் முழுக்கக் கூடவே உட்கார்ந்து வழிகாட்டியவள் விரிவுரையாளர் அனிட்டா.

சிக்கல் என்னவென்றால், கல்லூரியில் பாதிப் பேர் அந்தப் பணக்கார நாட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய அரசாங்கமே ஃபீஸ் கட்டி அனுப்புகிறது. சுற்றியிருக்கும் வாடகை வீடுகள், ஆட்டோக்காரர்கள், மூஸாவின் மெஸ் எல்லாமே அவர்களை நம்பித்தான் ஓடுகின்றன.

போன வாரம் அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தாளாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். போகும்போது, அந்தக் கட்டுரையை மேடையில் வாசித்தால் தங்கள் பிள்ளைகள் எல்லோரையும் வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று வாசலில் நின்றிருந்தவர்கள் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

அப்போதுகூட அனிட்டா கவலைப்படவில்லை. கல்யாணம் பொதுப்பணித் துறையில் பாசன என்ஜினியராக இருந்தவர். வலங்கைமானில் இருந்த பூர்வீக நிலத்தை விற்று இந்தக் கல்லூரியைக் கட்டியவர். யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டார் என்று நம்பினாள்.

கடைசியில் மாணவியின் பெயரையே எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருக்கிறார். காரமான இடங்களை வெட்டி, அணையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சேர்த்துத் தானே வாசித்து, அந்த அதிகாரியைக் குளிரவைக்கப் போகிறார். வேறென்ன?

விடுதிக்குப் போனாள். வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்த நூரா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சார் என்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டாங்க மேடம். விட்டுடுங்க" என்றாள், நாலு வருஷத்தில் பழகிய தமிழில்.

மிரட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறார் என்று அனிட்டா முடிவு கட்டினாள். இனி இந்த மனிதரிடம் வேலை பார்ப்பதில்லை, கருத்தரங்கு முடிந்ததும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

கருத்தரங்கு அன்றைக்கு அரங்கம் நிறைந்திருந்தது. தூதரக அதிகாரியைச் சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். கல்யாணம் மேடையேறிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

ஒரு வரி மாறவில்லை.

இதோ இந்த இடத்தைத் தாண்டிவிடுவார் என்று அனிட்டா எதிர்பார்த்த பத்தியைத்தான் எல்லாவற்றையும்விட நிறுத்தி வாசித்தார். தண்ணீர் எட்டாத கடைமடை, உப்பு ஏறிய கிணறு, நடவு இல்லாமல் கிடக்கும் வயல், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போன ஆண்கள். பின்வரிசையில் இருந்த நம் பக்கத்துப் பையன்கள் தங்கள் ஊர்க்கதையைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். அந்தப் பணக்கார நாட்டு மாணவர்களிலும் சிலர் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி பாதியில் எழுந்து கதவை நோக்கி நடந்தார். கல்யாணம் வாசிப்பதை நிறுத்தினார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உங்க பிள்ளைங்களை இங்க அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம் சார். இங்க என்ன சொல்லிக்கொடுக்கணுங்கிறது எங்க இஷ்டம்."

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் இறங்கினார்.

சாயங்காலமே தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. இனி யாரும் வரமாட்டார்கள். இருப்பவர்களும் பரீட்சை முடிந்ததும் போய்விடுவார்கள். நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மெஸ் மூஸா மட்டும் வந்து, தன் மகளும் இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள், கடையைச் சின்னதாக்கிக்கொண்டு சமாளித்துவிடுவேன், சார் மனசு விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனிட்டா தாளாளர் அறைக்குப் போனாள். விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்த கல்யாணம், "உக்காருங்கம்மா" என்றார்.

தப்பாக நினைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"இவ்வளவையும் இழக்கத் துணிஞ்சிட்டீங்க சார். அப்புறம் ஏன் அந்தப் பொண்ணோட பேரை எடுத்தீங்க? அவ உழைப்பு இல்லையா அது? அவளையே வாசிக்க விட்டிருக்கலாமே."

"அவ உழைப்புதாம்மா. ஒவ்வொரு வரியும் அவளோடதுதான்." கல்யாணம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆனா, அதை எழுதினது யாருன்னு அந்த அதிகாரி அன்னிக்கு இந்த ரூமுக்கு வந்தப்பக் கேட்டார். நான்தான் எழுதினேன், வாசிக்கிறதுக்கு மட்டும் அவ பேரைப் போட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

"பயந்துட்டீங்களா சார்?"

"ஆமாம்மா. அதுக்கு முந்தி இன்னொண்ணும் கேட்டாரே. 'அந்தப் பொண்ணோட அப்பா எங்க நாட்டுலதானே லாரி ஓட்டுறார்?'னு."