நூற்று நான்கு டிகிரி

"பாக்கியம்மா, சோபியா எங்கே? உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், கிளம்புங்க!"

காரை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக டாக்டர் தேவயானி போட்ட சத்தத்தில், அறுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாக்கியமேரியின் கையிலிருந்து அரிவாள் நழுவி விழுந்தது.

"இன்னா டாக்டரம்மா, நேத்துதான கேம்ப்புல பாத்துட்டு, போங்கன்னு அனுப்சீங்க? எம்பொண்ணுக்கு இன்னா?"

தேவயானி சென்னையில் பல் டாக்டர். முன்பல் தூக்கிய பிள்ளைகளுக்கு எந்த மாதிரி கிளிப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று ஆராய்ச்சி பண்ணுகிறார். உத்திரமேரூர் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு வைத்தியம் இலவசம். கழற்றி மாட்டுகிற கிளிப்தான். சாப்பிடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அது வாயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

பிள்ளைகள் டிமிக்கி கொடுத்தால்? அதற்குத்தான் கிளிப்புக்குள் மிளகு அளவு ஒரு சிப். சூட்டைப் பதிவு செய்து, கிளிப் வாயில் இருந்ததா, அலமாரியில் தூங்கியதா என்று டாக்டரிடம் கோள் சொல்லிவிடும். ஏமாற்றினால் ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

பாக்கியமேரிக்கு மகள் என்றால் உயிர். 'தேங்காய்த்துருவி' என்று பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணிப் பண்ணி, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள் சோபியா. அந்தக் கையை எடுத்துவிட்டு அவள் ஒரு தரம் சிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்த அம்மா முகாமுக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்து மகளை இதில் சேர்த்திருந்தாள்.

"மொதல்ல ஒக்காருங்க டாக்டரம்மா, டீத்தண்ணி போடறேன். முட்டை அவிச்சுத் தரலாம்னா, பாழாப்போன கோயி அடைக்கு ஒக்காந்துகினு கீது." அந்தப் பதற்றத்திலும் உபசாரத்தை விடவில்லை பாக்கியமேரி.

"டீயெல்லாம் அப்புறம். சிப்புல பதிவானதை நேத்து சாயங்காலம் காலேஜ்ல உக்காந்து பார்த்தேன். மூணு வாரமா உங்க பொண்ணுக்கு நூத்தி நாலு டிகிரி காய்ச்சல்மா! ராவும் பகலும் இறங்கவே இல்லை!"

"ஏசப்பா!" பாக்கியமேரி வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"சிப்தான் கெட்டுப்போச்சோன்னு சோதிச்சேன். அது கல்லு மாதிரி இருக்கு. இத்தனைக்கும் கிளிப் போடறதுல மொத்தப் பசங்கள்லயும் இவதான் ஃபர்ஸ்ட். தினம் காலையில ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழட்டறா. அதுவும் நாஷ்டாவுக்கா இருக்கும். ஆனா எல்லாருக்கும் பல்லு நகருது, இவளுக்கு மட்டும் துளி அசையலை. உடம்புல ஏதோ பெரிய கோளாறு இருக்கு."

"சொன்ன பேச்சு தட்டாதவ டாக்டரம்மா எம்பொண்ணு. அந்தக் கிளிப்பு வெளிய கெடந்து ஒரு நாளும் நான் பாத்ததில்ல. பைபிள் மேல சத்தியம்!" என்று கண்ணைக் கசக்கினாள் பாக்கியமேரி. "அடியே சோபியா, ஒடம்பு கொதிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடி? உன்ன உட்டா எனக்கு யாருடி கீறாங்க?"

கதவுக்குப் பின்னால் நின்ற சோபியா வாயே திறக்கவில்லை. தேவயானி அவள் நெற்றியைத் தொட்டார். பானைத் தண்ணீராய்ச் சில்லென்று இருந்தது. அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். சுத்தமாகக் காய்ச்சல் இல்லை.

"இதென்ன மாயக் காய்ச்சல்!" என்று முணுமுணுத்தபடி பையிலிருந்து ஊசியை எடுத்தார். "ரத்தம் எடுத்துடறேன், டெஸ்ட் பண்ணணும். அதுக்கு முன்னால வாயைத் திற கண்ணு, தொண்டையைப் பார்க்கலாம்."

ஊசியைப் பார்த்ததும் சோபியாவின் முழி பிதுங்கியது. உதட்டை மட்டும் பிரிக்கவில்லை.

"தொறடி, என் ராசாத்தி" என்று அம்மா கெஞ்சியதும் மெல்லத் திறந்தாள். வாய் காலி.

"கிளிப் எங்கே?" டாக்டரின் குரல் மாறியது.

பாக்கியமேரி சட்டென்று மண்டியிட்டாள். "பேர எடுத்துடாதீங்க டாக்டரம்மா, உங்க கால்ல வேணா உயுறேன்!"

"ஐயோ, எழுந்திருங்கம்மா. பொய்தான் என் ஆராய்ச்சிக்கு ஆகாது. உண்மையைச் சொன்னா நான் ஏன் எடுக்கப் போறேன்? புதுக் கிளிப் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அடுத்த வருஷம் பல்லு வரிசையா நிக்கும். சொல்லு சோபியா."

சோபியா மூக்கை உறிஞ்சினாள். "அத்தப் போட்டுக்கினா சர்ச்சுல பாட்டே வர்ல டாக்டரம்மா. வெறும் காத்துதான் வருது. சூடு இருந்தா சிப்புக்குப் போதும்னு நீங்கதான கேம்ப்புல சொன்னீங்க..."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் ஓடினாள். அங்கே வைக்கோல் கூடையில் உறுமிக்கொண்டு கொத்த வந்த கோழியை ஒரு கையால் தூக்கி, முட்டைகளோடு முட்டையாகக் கிடந்த கிளிப்பை மறுகையால் எடுத்து நீட்டினாள்.

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து சோபியாவும் சிரித்துவிட்டாள். ஒரு கையில் கோழி, ஒரு கையில் கிளிப், வாயைப் பொத்தக் கை ஏது? திட்டுவதற்காக ஓடி வந்த பாக்கியமேரி, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"அடிப்பாவி! கோயிக்குப் பல்லே கெடையாதேடி, அதுக்குப் போயி மூணு வாரமா கிளிப்பு போட்டுக்கீறியே!"