உள்ளறை வாடை

அவர் சுவரில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

கன்னத்தில் பெயிண்டின் குளிர்ச்சி பட்டது. அவ்வளவுதான்.

இருக்காது என்று அவருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மூக்குப்பொடி போட்ட ஆள். மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். பொடி டப்பாவை வெள்ளம் கொண்டுபோன பிறகு வேறு வாங்கவில்லை. வாங்காவிட்டால் மூக்குக்கு உயிர் வந்துவிடுமா என்ன.

செத்தது செத்ததுதான்.

வாசலில் மீன்கூடை இறங்கியது.

“ஏ சகாயம், உள்ள வந்து ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லிட்டுப் போ.”

“மீன்காரி மூக்க நம்பி வீடு கழுவுத ஆளு இந்த ஊர்ல நீரு ஒருத்தருதான் அண்ணாச்சி.”

வேறு யாரை நம்புவது. வாடை போய்விட்டது என்றான் பெயிண்ட் கடைக்காரன். அவனுக்கு டப்பா விற்க வேண்டும். போகவே போகாது என்றான் பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்கு வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்க வேண்டும். சகாயத்துக்கு இங்கே ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் மீன் வாங்கியே வெகுநாளாயிற்று.

அவள் முன்னறையில் நின்றாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள். உள்ளறை நிலைப்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“அங்கெல்லாம் வாடை போயிட்டு. இதுக்குள்ளதான் கெடக்கு.”

“எப்படி இருக்கு?”

“தண்ணி இன்னும் வடியாத மாதிரி இருக்கு.”

படியைத் தாண்டவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் மனைவி பேச்சியம்மாள் கடைசியாகப் போன அறை அது. ஆறு தெருவுக்குள் வந்த அன்றைக்கு, மகளின் சேலைப் பெட்டியை எடுக்கப் போனாள். தண்ணீர் கதவைச் சாத்திவிட்டது.

அவர் இந்தப் பக்கம்.

அவள் அந்தப் பக்கம்.

இப்போது மகள் மாரிச்செல்விக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். தாய்வீட்டில் பார்ப்பதுதான் முறை. தாய் இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறதே.

வீட்டைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா முந்தானையை மூக்கில் வைத்தவள் எடுக்கவே இல்லை.

“இந்த வாடையில பச்சப்புள்ளய எங்க அண்ணாச்சி கெடத்துதது? நாங்களே பாத்துக்கிடுதோம்.”

நல்லபடியாகத்தான் சொன்னாள். அவர் நம்பவில்லை. இன்றைக்குப் பிரசவம் என்பார்கள், நாளைக்குப் பிள்ளை சின்னது என்பார்கள். அப்புறம் மகள் வாசலோடு வந்து வாசலோடு போவாள். இருக்கிறது ஒரே மகள்.

சம்பந்தியம்மா கண்ணுக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று ஈரச்சுவரின் மேலேயே ஆயில் பெயிண்ட் அடித்திருந்தார். அதுதான் வினை. ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. சுவர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஒன்றை நகத்தால் குத்தினார்.

தண்ணீர் வந்தது.

மறுநாள் உளியும் சுத்தியலும் எடுத்தார். பெயிண்டைச் சுரண்டினார். பூச்சைக் கொத்தினார். செங்கல் தெரிகிறவரைக்கும் கொத்தினார். தண்ணீர் நின்ற கோடு வரைக்கும் கொத்த ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது.

ஸ்டூலில் நின்றபோது ஒருதரம் கை ஓய்ந்தது. தரையில் நின்றால் அந்தக் கோடு அவர் தலைக்கு மேலே.

கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அந்த அறையில் இன்னொருத்தன் சுத்தியல் போடுவதா.

கரி அடுப்பைப் பற்றவைத்து உள்ளே வைத்தார். ஜன்னலைச் சாத்தவே இல்லை. வேப்பிலைப் புகை, சாம்பிராணி, பிளீச்சிங் பவுடர், யார் யார் என்ன சொன்னார்களோ எல்லாம். செங்கல் வெளுத்த பிறகு புதிதாகப் பூசினார். பூச்சும் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு அடித்தார்.

சகாயம் வந்தாள். இந்தத் தடவை படியைத் தாண்டி, அறை நடுவில் போய் நின்றாள்.

“போயிட்டு அண்ணாச்சி.”

“சத்தியமா?”

“ஒமக்குப் பொய் சொல்லி எனக்கு என்ன, ஒரு நெத்திலி வித்துருமா?”

வளைகாப்பு முடிந்ததும் போய் மகளை அழைத்துவந்தார். சம்பந்தியம்மா கூடவே வந்தாள். சோதிக்கத்தான்.

வந்தவள் உள்ளறைக்குள் நின்று மூச்சை நன்றாக இழுத்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது.

“இப்பதான் வீடு மாதிரி இருக்கு. புள்ளய விட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க.”

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். மாரிச்செல்வி உள்ளறைக் கட்டிலில் காலை நீட்டி, வெள்ளைச் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில்.

“வாடையே இல்லப்பா. நான்கூட பயந்துட்டேன்.”

அவர் நிலைப்படியில் கால் வைத்தார்.

முகத்தில் வந்து அடித்தது.

சேறு. ஊறின துணி. ஆற்றுப்பாசி. அதற்குள்ளே மெல்லிசாக வேறொன்று. மஞ்சளும் நல்லெண்ணெயும் வேர்வையும் கலந்து, அடுப்படியிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்த மாதிரி.

அந்த வாசத்தை அவர் ஒருநாளும் முகர்ந்ததில்லை. கூட வாழ்ந்த காலமெல்லாம் மூக்கில் பொடிதான் இருந்தது.

ஆனாலும் யாருடையது என்று தெரிந்தது.

மகளைத் தாண்டிப் போனார். வெயிலும் காற்றும் வந்துகொண்டிருந்த ஜன்னலைச் சாத்தினார். கொண்டியை மாட்டினார்.

“வெக்கையா இருக்கு, ஏம்ப்பா சாத்துதிய?”

பதில் சொல்வதென்றால் இழுத்த மூச்சை வெளியே விட வேண்டும்.

அவர் விடவில்லை.