ஏழில் மூன்று

ஐந்து வயது விருந்தில் சன்ஜார் அப்பாவில் தொடங்கி ஏழு முன்னோர் பெயர்களையும் சொல்லியாக வேண்டும். கசாக் வீட்டில் அது தெரியாத பிள்ளையை அநாதை என்பார்கள். அப்பா எர்கெபுலான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

நாலாவது பெயர் ஜுமபாய். அவரிடம் தொடங்கிய கண்நோய் வழிவழியாக எர்கெபுலான் வரை இறங்கியிருந்தது. சன்ஜார் கருவாக இருந்தபோதே வெளிநாட்டில் அவன் மரபணுவிலிருந்து அதை நீக்கியாகிவிட்டது.

"ஒரே ஒரு எழுத்துப் பிழை. திருத்திட்டோம்" என்றார் டாக்டர்.

"அந்த நாலு பேரோட சங்காத்தமே என் பிள்ளைக்கு வேண்டாம்" என்றாள் மனைவி மெருவெர்த்.

"அதுல ஒருத்தன் நான்டி" என்று அவன் சிரித்தான்.

விருந்து வாரத்தின் திங்கட்கிழமை பையன் ஜுமபாயை விட்டுவிட்டு ஆறு பெயர் சொன்னான். புதன்கிழமை கொள்ளுத்தாத்தாவும் போய் ஐந்து. வெள்ளிக்கிழமை தாத்தாவும் போய் நான்கு. எர்கெபுலான் கை ஓங்கிவிட்டான்.

"எல்லாத்தையும் சரியாத்தானேப்பா சொல்றேன்" என்று பையன் அழுதான்.

சனிக்கிழமை விருந்தாளிகள் நடுவே சன்ஜார் எழுந்து நின்றான். "பொகேய், கரதாய், ஒராஸ்" என்று ஜுமபாய்க்கும் மூத்த மூவரை மட்டும் சொன்னான். உட்கார்ந்துவிட்டான்.

"ஏழையும் பிசகில்லாம சொல்லிட்டானே, கெட்டிக்காரப் பய!" என்று தாய்மாமன் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"மூணுதானே சொன்னான்?" என்றான் எர்கெபுலான், சத்தமாகவே. யாரும் திரும்பவில்லை.

மெருவெர்த் வரிசையாகத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் கிண்ணத்தை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் அடுத்தவருக்கு ஊற்றினாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.